புது 24-70 லென்ஸுக்கு யூவி ஃபில்டர் தேவையா? சித்திரைத் திருவிழாவுக்குள் முடிவு செய்ய வேண்டும்

#1 வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. நெடுநாள் பணம் சேர்த்து ஒரு 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் வாங்கியிருக்கிறேன். முன்பக்க விட்டம் 82 மி.மீ. லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடியைக் காட்டி, கடைக்காரர் "யூவி ஃபில்டர் மாட்டாம வெளிய எடுத்துட்டுப் போகாதீங்க" என்கிறார். எனக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன், "இவ்வளவு காசு கொடுத்து வாங்கின கண்ணாடிக்கு முன்னால எதுக்கு இன்னொரு கண்ணாடி?" என்கிறார். இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள்.

நான் எடுப்பது பெரும்பாலும் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும்போது தோப்பறை என்கிற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். கூட்டத்துக்குள் நின்றால் கேமரா நனையாமல் இருக்காது. கூடவே சர்க்கரைச் செம்பில் கற்பூரப் புகை. தை மாதம் வந்தால் அலங்காநல்லூர், பாலமேடு புழுதி. இரவில் பூப்பல்லக்கு, சீரியல் செட், டியூப்லைட். இப்படி எடுக்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

#2 கல்யாணக்கேமரா

யோசிக்காமல் போடுங்கள் தம்பி. நான் கல்யாண வேலை செய்கிறவன். ஓமப் புகையில் நெய் இருக்கும். முகூர்த்தம் முடிந்ததும் ஃபில்டரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எண்ணெய் தடவியது மாதிரி மெல்லிசாக ஒரு படலம் தெரியும். வாசலில் தெளிக்கும் பன்னீர் காய்ந்தால் வளையம் வளையமாகக் கறை. அட்சதை வீசும்போது மஞ்சள் தூள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் நண்பர்கள் அடிக்கும் நுரை ஸ்ப்ரே இருக்கிறதே, அது நேராக லென்ஸில் விழுந்தால் துடைக்கத் துடைக்க இழுவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் மேடையில் நின்று துணி தேட முடியாது. இரண்டு திருகில் ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்த படத்தை எடுத்துவிடுவேன். கேக் வெட்டுவதை இன்னொரு முறை வெட்டச் சொல்ல முடியுமா?

#3 ஒளியியல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கடையில் "யூவி" என்று விற்பதில் அந்த யூவி வேலை இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஃபிலிம் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. ஃபிலிமின் மேல்பூச்சு புற ஊதாக் கதிரையும் பதிவு செய்யும். அதனால் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான இடங்களில் தூரத்து மலை நீலம் பாரித்துப் புகைமூட்டமாக விழும். அதைத் தடுக்கத்தான் யூவி, ஸ்கைலைட் ஃபில்டர்கள் வந்தன. டிஜிட்டல் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. லென்ஸின் கண்ணாடிகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் தடுத்துவிடும். எனவே யூவி என்று எழுதியிருந்தாலும், கிளியர் அல்லது ப்ரொடெக்டர் என்று எழுதியிருந்தாலும், டிஜிட்டலில் இரண்டும் ஒன்றுதான். வெறும் காப்புக் கண்ணாடி.

அடுத்து, அந்தக் கண்ணாடி படத்துக்கு என்ன செய்கிறது? பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8 சதவீதம். ஒளி குறைவது பெரிய விஷயமில்லை, சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். திரும்பிய ஒளி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அது லென்ஸுக்குள்ளேயே அலைந்து கறுப்பைச் சாம்பலாக்கும். நல்ல பல அடுக்குப் பூச்சு இருந்தால் ஒரு பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். பி+டபிள்யூவின் எம்ஆர்சி, ஹோயாவின் மேல்நிலை வரிசைகள், நிக்கானின் என்சி எல்லாம் இந்த வகைதான்.

ஆனால் எவ்வளவு நல்ல பூச்சாக இருந்தாலும் ஒரு தொல்லை மிச்சம் இருக்கும். சென்சார் பளபளப்பான பொருள். அதில் விழுந்த விளக்கின் பிம்பம் கொஞ்சம் திரும்பி லென்ஸ் வழியாகவே வெளியே வரும். முன்னால் ஃபில்டர் தட்டையாக நிற்கிறது. அது அந்த ஒளியை வந்த வழியே உள்ளே அனுப்பும். லென்ஸ் அதை மறுபடி கூர்மையாகச் சென்சாரில் விழவைக்கும். ஃபில்டர் இல்லாதபோது வளைந்த கண்ணாடிகளில் பட்டு அந்த ஒளி சிதறிவிடும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டர் போட்டதும் தனிப் புள்ளியாகத் தெரிகிறது.

#4 தீபமலை

மேலே ஒளியியல் சொன்னதைத் திருவண்ணாமலைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலை உச்சியில் கொப்பரை எரியும், கீழே ஊர் முழுக்க விளக்கு. நடுவில் கருப்பு வானம். ஃபில்டர் மாட்டி எடுத்த படத்தில் அந்தக் கருப்பில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மிதக்கும். நிறைய பேர் அதை லென்ஸ் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோகிறார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. படத்தின் நடுப்புள்ளியை மையமாக வையுங்கள். கீழே இடது பக்கம் தெருவிளக்கு இருந்தால், மேலே வலது பக்கம் அதே தூரத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். விளக்குகள் வரிசையாக இருந்தால் புள்ளிகளும் அதே வரிசையைத் தலைகீழாகப் பிடித்து நிற்கும். அப்படி இருந்தால் குற்றவாளி ஃபில்டர்தான். கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள், புள்ளிகள் போயிருக்கும்.

வைகைக்கரை, உங்கள் பூப்பல்லக்குக்கு இது நேரடியாகப் பொருந்தும். ராத்திரி, சீரியல் செட், கறுத்த பின்னணி. அங்கே ஃபில்டர் வேண்டாம். என்ன விலை கொடுத்து வாங்கினாலும் வேண்டாம்.

#5 பறவைநோக்கி

வேடந்தாங்கல், கோடியக்கரை பக்கம் சுற்றுகிறவள் நான். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ்காரர்களுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. 24 மி.மீ.-இல் கண்ணாடியின் சிறு நெளிவு தெரியாது. 400, 500 என்று போகும்போது தெரியும். மலிவு ஃபில்டரின் பரப்பு முழுத் தட்டையாக இருக்காது, அதனால் நாரையின் கண் எப்போதும் கொஞ்சம் மழுங்கியே விழும். ஆட்டோஃபோகஸைக் குறை சொல்வோம், கை நடுக்கத்தைக் குறை சொல்வோம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

பெரிய டெலி லென்ஸ் செய்தவர்களே காப்புக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிக்கானின் 400 எஃப்/2.8 மாதிரியான சிலவற்றில் முன்னால் ஒரு கண்ணாடி உண்டு. ஆனால் அது தட்டை இல்லை, மெல்லிய வளைவு கொண்டது. #3-இல் சொன்ன அந்தத் திரும்பும் ஒளி கூர்மையாக விழாமல் இருக்கத்தான் அந்த வளைவு. செய்தவர்களுக்கே தட்டைக் கண்ணாடியில் விருப்பமில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பாதுகாப்பு என்றால் லென்ஸின் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் ஹூட். எப்போதும், பகல் இரவு எல்லா நேரமும்.

#6 கல்யாணக்கேமரா

அக்கா, ஹூட் பன்னீரைத் தடுக்காது. 24-70 லென்ஸின் ஹூட் இதழ் இதழாக, ரொம்ப ஆழமில்லாமல்தான் இருக்கும். உங்கள் 500-இன் ஹூட் அரையடி நீளம். கொக்கு பக்கத்தில் வந்து பன்னீர் தெளிக்கவும் தெளிக்காது.

#7 பறவைநோக்கி

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது என் லென்ஸுக்கு.

#8 ரிப்பேர்மேசை

சென்னையில் லென்ஸ் சர்வீஸ் செய்கிறேன். மேசைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன்.

"கீழே விழுந்துச்சு சார், நல்லவேளை ஃபில்டர் காப்பாத்துச்சு" என்று உடைந்த ஃபில்டரோடு வருவார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. ஃபில்டர் கண்ணாடி மெல்லிசு, தட்டை, லேசாகத் தட்டினாலே உடையும். லென்ஸின் முன் கண்ணாடி தடிமனானது, வளைவானது. ஃபில்டரை உடைத்த அடி அதை ஒன்றும் செய்திருக்காது. ஃபில்டர் உடைந்த பிறகுதான் சிக்கல்: அந்தச் சில்லுகள் முன் கண்ணாடியில் உரசிக் கீறல் போடும். அப்படி வருவதைத் திறந்து பார்த்தால் முன்பக்கம் சுத்தமாக இருந்தாலும், உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகி, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகியிருக்கும். அல்லது கேமராவில் மாட்டும் மவுண்ட் பக்கம் திருகு பிய்ந்திருக்கும். விழும் அடியை ஃபில்டர் தாங்காது. ஹூட் தாங்கும். பிளாஸ்டிக் ஹூட் வளையும், தெறித்துக் கழன்று போகும், அந்த வேலையிலேயே பாதி வேகம் குறைந்துவிடும். ஒரு நன்மை மட்டும் ஃபில்டர் வளையத்துக்கு உண்டு: விளிம்பில் அடிபட்டால் லென்ஸின் மரைக்குப் பதிலாக வளையம் நசுங்கும்.

அடுத்தது கீறல் பயம். முன் கண்ணாடியில் ஒரு முடிக்கோடு மாதிரிக் கீறல் இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. அது ஃபோகஸுக்கு அவ்வளவு வெளியே இருக்கிறது. எதிர்வெயிலில் எடுத்தால் அந்தக் கீறலில் ஒளி சிதறிக் கொஞ்சம் வெளுக்கும். அகல லென்ஸில் ஒளித்துளையைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்தால் சில நேரம் கண்ணில் படும். ஆழமான கீறலைக் கறுப்பு மை வைத்து அடைப்பது எங்கள் தொழிலில் பழைய வழி. வெள்ளையாகச் சிதறுவது நின்றுவிடும். பின் கண்ணாடியில் கீறல் விழுந்தால்தான் ஆபத்து. அதற்கு யாரும் ஃபில்டர் போடுவதில்லை, மூடி போடாமல் பைக்குள் வைக்கிறார்கள். தயவுசெய்து பின்மூடியைப் போடுங்கள்.

கீறல் எதனால் விழுகிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் துடைப்பதால். மேலே மண் துகள் இருக்கும்போது வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ ஒரு இழுப்பு, முடிந்தது. முதலில் ப்ளோவரால் ஊதுங்கள். அப்புறம் மெல்லிய பிரஷ். அதற்கும் போகாததற்குத்தான் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் விடாதீர்கள். விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

பூஞ்சைக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமில்லை. ஈரத்தோடு ஃபில்டரை மாட்டி அப்படியே பையில் வைத்தால் நடுவில் ஈரம் தங்கும், அவ்வளவுதான். சென்னைக் காற்றுக்கு உலர்பெட்டி வையுங்கள், ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

#9 யாழ்க்கமரா

வணக்கம் அண்ணைமார். நான் பருத்தித்துறை, மயிலிட்டிப் பக்கம் மீன்பிடித் துறைகளில் படம் எடுக்கிறனான். ரிப்பேர்மேசை அண்ணை சொன்னதில் விழுகிற கதை முழுதும் சரி. ஆனால் கடல் உப்பு வேறு கதை. காற்றுப் பலமாக அடிக்கிற மாதங்களில் கரையில் நின்றாலே போதும், அலை படவே தேவையில்லை. லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத தூவல் வந்து விழும். காய்ந்தால் உப்புப் பளிங்கு. அதை உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் தாளால் தேய்த்த மாதிரித்தான்.

ஃபில்டர் என்றால் வீட்டுக்கு வந்ததும் கழற்றி, குழாய்த் தண்ணியில் வடிவாகக் கழுவி, நிழலில் காய வைக்கலாம். லென்ஸைக் குழாயின் கீழ் பிடிக்க ஏலாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கரைக்குப் போகும்போது போடுகிறேன், நல்லூர்த் திருவிழா இரவில் கழற்றுகிறேன்.

#10 வார்ப்படம்

கோவையில் ஃபவுண்டரி, ஒர்க்‌ஷாப் படங்கள் எடுக்கிறேன். கிரைண்டிங் பொறி பற்றி யாரும் சொல்லவில்லை. பொறி என்பது உருகிய இரும்புத் துகள். கண்ணாடியில் பட்டால் அப்படியே பதிந்துவிடும், துடைத்தால் வராது. என் பழைய ஃபில்டரை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசி குத்திய மாதிரி பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், விரலால் தடவினால் சொரசொரக்கும். அது லென்ஸில் பதிந்திருந்தால் என்ன செலவு என்று ரிப்பேர்மேசை சாரைத்தான் கேட்க வேண்டும். வெல்டிங் பக்கமோ கிரைண்டிங் பக்கமோ போகிறவர்கள் ஃபில்டர் இல்லாமல் போகவே கூடாது.

#11 ரிப்பேர்மேசை

பொறி விஷயம் முழுக்கச் சரி. அது கண்ணாடிக்குள்ளேயே போய்விடும். முன் கண்ணாடியை மாற்றுவது தவிர வழியில்லை, 24-70 மாதிரி லென்ஸில் அந்தச் செலவு நல்ல ஃபில்டரின் விலையைப் போலப் பல மடங்கு. #9 சொன்ன உப்பும் அப்படித்தான். நான் மறுப்பது "விழுந்தால் காக்கும்" என்ற நம்பிக்கையை மட்டும்தான்.

#12 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் நிற்கும்போது ஃபில்டர் போட்டால் லென்ஸுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்குமா? என் லென்ஸில் தூசு, நீர் புகாமல் தடுக்கும் வெதர் சீலிங் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, கடையிலேயே நல்ல ஃபில்டரையும் மட்டமானதையும் எப்படிப் பிரித்தறிவது? பெட்டியில் எல்லோருமே மல்டிகோட்டட் என்றுதான் எழுதுகிறார்கள்.

#13 ஒளியியல்

முதல் கேள்விக்கு: லென்ஸைப் பொறுத்தது. கேனானின் இஎஃப் 17-40 எஃப்/4 எல், 16-35 எஃப்/2.8 எல் II, 50 எஃப்/1.2 எல் போன்றவற்றில் ஃபில்டர் மாட்டினால்தான் தூசு, நீர்த் தடுப்பு முழுமையாகும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அந்த ஜூம்களில் திருகும்போது முன் கண்ணாடி குழலுக்குள்ளேயே முன்னும் பின்னும் போகும், சுற்றிலும் இடைவெளி இருக்கும். உங்கள் லென்ஸின் கையேட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே தண்ணீர் போவதற்கும் ஃபில்டருக்கும் பெரிய தொடர்பில்லை. ஜூம் செய்யும்போது நீளும் குழல்தான் கவலை. அதற்கு மழை உறை போடுங்கள். அவசரத்துக்குப் பெரிய பாலிதீன் பையில் ஓட்டை போட்டு ஹூட்டின் மேல் ரப்பர் பேண்ட் மாட்டினாலும் வேலை நடக்கும்.

தண்ணீர்த் துளி ஃபில்டரில் விழுந்தாலும் லென்ஸில் விழுந்தாலும் படத்தில் ஒரே மாதிரிதான் கெடுக்கும். புது லென்ஸ்கள் பலவற்றின் முன் கண்ணாடியில் ஃப்ளூரின் பூச்சு இருக்கிறது, ஒரு ஊதலில் துளி ஓடிவிடும். மட்டமான ஃபில்டரில் அது இருக்காது, தண்ணீர் படர்ந்து நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் மலிவு ஃபில்டர் போட்டால் இருந்ததையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு: கடையில் டியூப்லைட் இருக்கும்தானே? ஃபில்டரைக் கையில் வாங்கி, கறுப்பான எதற்காவது மேலே பிடியுங்கள், மேசையில் கிடக்கும் கேமரா பை போதும். சாய்த்து, டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். வீட்டு ஜன்னல் கண்ணாடியில் தெரிவது போல வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சே இல்லை. மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து, கோடே தேடிப் பார்க்கும்படி இருந்தால் நல்லது. ஃபில்டரில் இரண்டு பரப்பு, ஆகவே இரண்டு பிரதிபலிப்பு தெரியும். ஒன்று மங்கல், இன்னொன்று பளிச் என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் பூச்சு போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் சாய்த்தபடியே மெதுவாகச் சுற்றுங்கள். பிரதிபலிக்கும் கோடு நேராகவே இருக்க வேண்டும். நெளிந்தால் கண்ணாடி தட்டையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 82 மி.மீ. ஃபில்டரில் இந்த இரண்டு சோதனையும் தேறியதை நான் பார்த்ததில்லை. சில ஆயிரம் கொடுக்க மனமில்லை என்றால் ஃபில்டரே வேண்டாம், ஹூட்டோடு எடுங்கள். அரைகுறைக் கண்ணாடியை நல்ல லென்ஸின் முன்னால் மாட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

#14 கல்யாணக்கேமரா

இதை நானும் ஆமோதிக்கிறேன். எங்கள் தொழிலில் பலர் லென்ஸுக்கு லட்சத்தில் செலவழித்துவிட்டு ஃபில்டரில் மிச்சம் பிடிக்கிறார்கள். கூடவே இன்னொன்று: யூவி மேல் போலரைசர் என்கிற இன்னொரு ஃபில்டரை ஏற்றாதீர்கள். 24 மி.மீ.-இல் நான்கு மூலையும் கறுக்கும், இரண்டும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும்.

#15 தீபமலை

வைகைக்கரைக்கு என் கருத்து: அழகரை மதுரையில் வரவேற்கும் எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, அலங்காநல்லூர் இங்கெல்லாம் போடுங்கள். வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார்க்கழிவு பரப்பியிருப்பார்கள், காளை பாய்ந்தால் மண்ணும் நாரும் சேர்ந்து பறக்கும். சூரியன் ஃப்ரேமுக்குள் வரும்போதும் இரவிலும் கழற்றுங்கள். கழற்றி வைக்க மூடியுள்ள சிறு டப்பா ஒன்று இடுப்புப் பையில் இருக்கட்டும்.

#16 வைகைக்கரை

அப்படியே செய்கிறேன் அண்ணா. டியூப்லைட் சோதனையை இன்று கடையில் செய்து பார்த்தேன். அவர் முதலில் காட்டியது வெள்ளை வெளேரென்று பிரதிபலித்தது. உள்ளேயிருந்து இன்னொன்று எடுத்து வந்தார், அதில் டியூப்லைட் கரும்பச்சையாக மங்கித் தெரிந்தது, சுற்றியபோதும் நெளியவில்லை. அதையே வாங்கிவிட்டேன்.

#17 வார்ப்படம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பொறி பதிந்த அந்தப் பழைய ஃபில்டரை இன்று மாற்றலாம் என்று பார்த்தால் கழலவே மாட்டேன் என்கிறது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இன்னும் இறுகுகிறது. ரிப்பேர்மேசை சார்?

#18 ரிப்பேர்மேசை

இறுக்கிப் பிடிப்பதுதான் காரணம். இரண்டு விரலால் எதிரெதிரே அழுத்தினால் வளையம் நீள்வட்டமாகி மரையைக் கவ்விக்கொள்ளும். அலுமினிய வளையத்தில் இது அதிகம், பித்தளை வளையத்தில் குறைவு. நல்ல ஃபில்டர்கள் சிலவற்றில் பித்தளை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபில்டர் வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைப் போடுங்கள். லென்ஸின் குழலில் படாமல் வளையத்தில் மட்டும் இருக்க வேண்டும். ஐந்து விரலாலும் சுற்றிலும் சமமாக, லேசாகப் பிடித்துத் திருப்புங்கள். வரவில்லையா, சுத்தமான ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தையோ மவுஸ் பேடையோ மேசையில் வைத்து, ஃபில்டரின் முகத்தை அதன் மேல் தட்டையாகக் கவிழ்த்து, மெல்ல அழுத்தியபடி லென்ஸைத் திருப்புங்கள். கழன்றதும் மரையில் பென்சில் முனையால் ஒரு சுற்று தேய்த்துவிடுங்கள், அடுத்த முறை இறுகாது. எண்ணெய் வேண்டாம்.

#19 வார்ப்படம்

ரப்பர் பேண்டுக்கு அசையவில்லை. செருப்பில் கவிழ்த்துத் திருப்பியதும் கழன்றுவிட்டது. மிக்க நன்றி சார். விளிம்பு ஒரு இடத்தில் லேசாக நசுங்கியிருக்கிறது, அதனால்தான் பிடித்திருக்கிறது போல. லென்ஸின் மரையிலும் கொஞ்சம் வளைவு தெரிகிறது. புது ஃபில்டர் முதல் சுற்றிலேயே சாய்ந்து உட்காருகிறது.

#20 ரிப்பேர்மேசை

சாய்ந்து உட்கார்ந்தால் அதற்கு மேல் திருப்பாதீர்கள், மரை வெட்டுப்பட்டுவிடும். இடுக்கியால் நிமிர்த்தவும் வேண்டாம். அதற்கென்று வளைந்த தாடை கொண்ட கருவி இருக்கிறது, உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தள்ளும். கோவையில் நல்ல சர்வீஸ்காரர் யாரிடமும் இருக்கும். அதுவரை ஹூட் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், ஹூட்டுக்கு அந்த மரை தேவையில்லை. கிரைண்டிங் பக்கம் மட்டும் இந்த வாரம் போகாதீர்கள்.